ஜூலிக்கு விடைகொடுக்க நாள் குறிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஜூலி லாப்ரடார், 12 வயது முடிந்துவிட்டது. ஏழு மாதத்துக்கு முன் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று தெரிந்தது. ஸ்கேனில் இரண்டுமே சுருங்கியிருந்தன. தனி உணவு, மாத்திரை, வாரம் இரண்டு முறை டிரிப்ஸ் என்று சமாளித்து வந்தோம். இப்போது ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு 8.2. 31 கிலோ இருந்தவள் 22 கிலோவாகிவிட்டாள். தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வாந்தி. ஆனால் நான் வேலை முடிந்து வந்தால் படுத்தபடியே வாலாட்டுகிறாள். டாக்டர் "யோசித்துச் சொல்லுங்கள்" என்கிறார். "உயிரை நாம எடுக்கக் கூடாது, தானாப் போகட்டும்" என்கிறார் மாமியார். சென்னைக்குக் கொண்டுபோய் டயாலிசிஸ் செய்து பார்க்கலாம் என்கிறார் கணவர். மகன் கோவையில் விடுதியில் இருக்கிறான், செமஸ்டர் முடிந்து அடுத்த மாதம்தான் வருவான். மகளுக்கு ஒன்பது வயது, அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. எப்போது முடிவெடுப்பது? எப்படிச் செய்வது? ஒன்றும் புரியவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

அன்புச் சகோதரிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே சரி என்றால், ஜூலியை ஊசி போட்டு வேதனையில்லாமல் வழியனுப்பும் நேரம் வந்துவிட்டது. அடுத்த மாதம் வரை தள்ளாதீர்கள். இந்த வாரம், அல்லது மிஞ்சிப்போனால் அடுத்த வாரம். ஜூலியைத் தொட்டுப் பார்த்தவன் நானில்லை, உங்கள் டாக்டர்தான். அதனால் அவர் வேறு மாதிரி சொன்னால் அதையே கேளுங்கள். ஆனால் "யோசித்துச் சொல்லுங்கள்" என்று ஒரு கால்நடை மருத்துவர் சொன்னால், பெரும்பாலும் அவர் மனதில் முடிவு வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். வீட்டுக்காரர்கள் வாயிலிருந்து அது வரட்டும் என்று காத்திருக்கிறார். எங்களில் பலருக்கு அந்தத் தயக்கம் உண்டு. அது உங்களுக்கு எவ்வளவு பாரம் என்று எங்களுக்குச் சில சமயம் தெரிவதில்லை.

முதலில் உங்கள் கணவர் கேட்டது. சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாய்களுக்கு டயாலிசிஸ் செய்கிறார்கள், உண்மைதான். ஆனால் அது யாருக்கு உதவும் என்பதைப் பார்க்க வேண்டும். எலிக்காய்ச்சல் வந்தோ, விஷம் ஏதாவது தின்றோ, சிறுநீரகம் திடீரென்று வேலைநிறுத்தம் செய்த நாய் என்றால், அந்தச் சில நாட்களைக் கடத்த டயாலிசிஸ் கைகொடுக்கும். அதற்குள் சிறுநீரகம் தேறி எழுந்துகொள்ள வாய்ப்பு இருக்கிறது. ஜூலிக்கு அப்படி இல்லை. ஸ்கேனில் சுருங்கிய சிறுநீரகம் என்றால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வந்தது என்று பொருள். முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தப் பரிசோதனையிலேயே கிரியாட்டினின் ஏறிக் காட்டும். ஒன்றரைக்குள் இருக்க வேண்டியது அது. ஐந்தைத் தாண்டினால் நான்காவது நிலை, அதுதான் கடைசி நிலை. 8.2 என்பது அதையும் எவ்வளவோ தாண்டியது. திருச்சியிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் காரில், வாந்தி எடுத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு கூண்டில் போய்ப் படுத்து, அப்புறமும் அதே சிறுநீரகத்தோடு திரும்பி வருவாள். அந்தப் பயணம் வேண்டாம் என்பது என் கருத்து.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் டாக்டரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். 8.2 என்ற எண் டிரிப்ஸ் ஏற்றிய பிறகு எடுத்ததா, உடம்பு வறண்டு கிடந்தபோது எடுத்ததா? நீர்ச்சத்து குறைந்தால் இந்த எண் கூடுதலாகக் காட்டும். சிறுநீரில் கிருமித்தொற்று சேர்ந்திருந்தாலும் திடீரென்று மோசமாகும், அதற்கு மருந்து உண்டு. டிரிப்ஸ் போட்டும், தொற்று இல்லை என்று பார்த்தும் இதே அளவு என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை.

சரி, உங்கள் மாமியார் சொல்வதற்கு வருகிறேன். இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். "தானாகப் போகட்டும்" என்று சொல்கிறவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பெரும்பாலும் அந்த நாயை அதிகம் நேசிப்பவர்கள்தான் அப்படிச் சொல்கிறார்கள். அவர்கள் மனதில் ஒரு காட்சி இருக்கிறது: ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் தூக்கத்திலேயே போயிருக்கும். இதய நோயில் சில சமயம் அப்படி நடக்கும். சிறுநீரக நோயில் அப்படி நடப்பது அபூர்வம்.

என்ன நடக்கும் என்று சொல்கிறேன், படிக்கக் கஷ்டமாக இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள். வெளியேற வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்குவதால் நாள் முழுக்கக் குமட்டல் இருக்கும். வாயிலும் நாக்கின் ஓரத்திலும் புண் வரும், மூத்திர வாடை அடிக்கும். ஜூலி தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள் என்றீர்களே, அவளுக்குப் பசி இல்லாமல் இல்லை. பசிக்கிறது, பக்கத்தில் போனதும் குமட்டுகிறது, வாய் எரிகிறது. அதனால் திரும்பிக்கொள்கிறாள். ஒருமுறை அவள் உதட்டைத் தூக்கி ஈறையும் நாக்கின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். அப்புறம் வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகும். ரத்த அழுத்தம் ஏறிச் சில நாய்களுக்கு ஒரே நாளில் கண் தெரியாமல் போகும். கடைசியில் சிறுநீரே நின்றுவிடும், வலிப்பு வரலாம். இது ஒரு ராத்திரியில் முடிவதில்லை. நாட்கள் ஆகும், சில நாய்கள் ஒரு வாரத்துக்கு மேலும் இழுத்துக்கொண்டு கிடக்கும். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, எதை விட்டு எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

பாவம் என்ற சொல்லை நான் தள்ளிவிட்டுப் பேச மாட்டேன். மருத்துவனாக இருந்தாலும் ஓர் உயிரை முடித்து வைப்பது எனக்கும் சாதாரண வேலை ஆகிவிடவில்லை, ஆகவும் கூடாது. ஆனால் இந்தக் கேள்வியை நம் நாட்டில் மிகக் கடுமையாக எதிர்கொண்டவர் காந்தி. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று தீராத வேதனையில் கிடந்தது. வைத்தியம் பார்த்தார்கள், கூடவே இருந்து கவனித்தார்கள். இனி ஒன்றும் செய்ய முடியாது என்று மருத்துவரும் கைவிரித்துவிட்டார். புரண்டு படுக்கக்கூட முடியாமல் அது துடித்ததைப் பார்த்து, மருத்துவரை வரவழைத்து ஊசி போட்டு முடிக்கச் சொன்னார். பசுவின் கன்று, அதுவும் அகிம்சையைப் போதிக்கும் ஆசிரமத்தில். எப்படிப்பட்ட எதிர்ப்பு வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கோபமான கடிதங்கள் குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை. தன் பத்திரிகையிலேயே வெளிப்படையாக எழுதினார்: குணப்படுத்த வழியே இல்லாதபோது, அந்த உயிரின் வேதனையைத் தீர்க்கும் ஒரே நோக்கத்தோடு செய்தது அகிம்சைதான் என்பது அவர் வாதம். உங்கள் மாமியார் இதை ஏற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் ஓர் உயிரையும் வதைக்கக் கூடாது என்று வாழ்நாள் முழுக்க நின்ற ஒருவரே இந்த முடிவுக்கு வந்தார் என்பது அவர் மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம்.

அப்படியும் அவரால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை, வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை என்றால்? அப்போதும் வழி இருக்கிறது. ஆனால் சும்மா விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது அந்த வழி ஆகாது. குமட்டலை நிறுத்த மரோபிட்டன்ட் போன்ற மருந்து, வயிற்றுப் புண்ணுக்கு மருந்து, வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் மருந்து, தோலுக்கடியில் ஏற்றும் நீர், வாயைத் துடைத்துவிடுவது, சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, ஈரமாகிவிட்டால் உடனே துணி மாற்றுவது. இத்தனையும் ராத்திரி பகல் பாராமல் செய்ய ஆள் வேண்டும். செய்ய முடியும் என்றால் அதுவும் கண்ணியமான முடிவுதான். ஒன்று மட்டும்: வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன் எதையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் ஈரலையும் ரத்தத்தையும் கெடுக்கும், மற்ற இரண்டும் மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் வயிற்றையும் சேர்த்துக் கெடுக்கும்.

வாலாட்டுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் உங்கள் மனம் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது. நாய்கள் வலியோடும் வாலாட்டும். எலும்பு முறிந்து மேசைமேல் கிடக்கும் நாய் வீட்டுக்காரர் குரல் கேட்டதும் வாலாட்டுவதை எந்தக் கால்நடை மருத்துவரும் பார்த்திருப்பார். அது உங்கள்மேல் இருக்கும் அன்பைக் காட்டுகிறது, அவள் உடம்பு எப்படி இருக்கிறது என்பதைக் காட்டாது. அதைத் தெரிந்துகொள்ள நீங்கள் இல்லாத நேரத்தைப் பார்க்க வேண்டும். மதியம் தனியாகக் கிடக்கும்போது எப்படி இருக்கிறாள்? நிம்மதியாகக் கால் நீட்டித் தூங்குகிறாளா, அல்லது குறுகி உட்கார்ந்துகொண்டு, படுக்க இடம் மாற்றி மாற்றி, சும்மாவே மூச்சிரைத்துக்கொண்டிருக்கிறாளா? வீட்டில் பகலில் இருப்பது உங்கள் மாமியார்தான். அவரைக் கேளுங்கள். பதில் அவரிடம்தான் இருக்கும்.

இதற்காகவே ஒரு அளவுகோல் இருக்கிறது. ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் 2004இல் வகுத்தது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். எழுபதுக்கு 35க்கு மேல் இருந்தால் தொடரலாம் என்பது கணக்கு. நீங்கள் ஒரு தாளிலும் கணவர் வேறு தாளிலும் மாமியார் இன்னொன்றிலும் தனித்தனியாக, பேசிக்கொள்ளாமல் போடுங்கள். கூட்டுத்தொகையைவிட, யார் எதில் வேறுபடுகிறீர்கள் என்பதைப் பார்த்தால் வீட்டில் பேச்சு எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிடும். எனக்கு இதைவிடப் பிடித்த வழி தினசரிக் காலண்டர். ஜூலிக்கு நன்றாக இருந்த காலத்தில் பிடித்த மூன்று நான்கு விஷயங்களை எழுதுங்கள். பால்காரர் வந்தால் ஓடுவது, டீயோடு ஒரு பிஸ்கட், மொட்டைமாடி, எதுவோ. அன்றைக்கு அவற்றில் ஒன்றாவது நடந்ததா என்று தாளைக் கிழிக்கும்போது ஒரு குறி போடுங்கள். நான்கைந்து தாள் தொடர்ந்து வெறுமையாக இருந்தால் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மகனுக்காகக் காத்திருப்பதைப் பற்றி. அடுத்த மாதம் என்பது அவனுடைய நாட்காட்டி. ஜூலியின் உடம்புக்கு அது தெரியாது. அதுவரை இழுத்துப் பிடித்தால், நடு ராத்திரி வலிப்பு வந்து, எந்த டாக்டரும் கிடைக்காமல், எல்லோரும் பதறிக்கொண்டிருக்கும்போது முடியும் வாய்ப்புதான் அதிகம். அவனை இந்தச் சனி, ஞாயிறு வரச் சொல்லுங்கள். கோவையிலிருந்து திருச்சி ஒரு ராத்திரி பஸ் பயணம்தானே. பரீட்சை கெடும் என்று மறைத்துவிட்டு அப்புறம் சொன்னால் அவன் அதை ரொம்ப நாள் மறக்க மாட்டான். வர முடியாவிட்டால் வீடியோ காலில் அவன் குரலையாவது அவள் கேட்கட்டும். முடிவில் அவனுக்கும் பங்கு இருக்கட்டும்.

இனி எப்படி என்பது. வீட்டுக்கு வந்து செய்வாரா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். ஆஸ்பத்திரி வாசனைக்கே நடுங்கும் நாய் என்றால் வீடுதான் நல்லது. முடியாது என்றால் கிளினிக்கில் கூட்டமில்லாத நேரம் கேளுங்கள், காரிலேயே வைத்துச் செய்ய ஒப்புக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அப்புறம் முக்கியமான ஒரு கேள்வி, இதைக் கட்டாயம் கேளுங்கள்: "முதலில் மயக்க ஊசி போட்டு, அவள் முழுசாத் தூங்கின பிறகுதானே அடுத்த ஊசி?" ஆமாம் என்று பதில் வர வேண்டும். சரியான முறை அதுதான். முதலில் தசையில் ஒரு ஊசி. ஐந்து பத்து நிமிடத்தில் ஆழ்ந்து தூங்கிவிடுவாள், கிள்ளினாலும் தெரியாது. அதற்கப்புறம் நரம்பு வழியாகத் தயோபென்டோன் அல்லது பென்டோபார்பிட்டால் போன்ற மயக்க மருந்தையே மிக அதிக அளவில் செலுத்துவார்கள். மூச்சு நிற்கும், இதயம் நிற்கும், பெரும்பாலும் ஓரிரு நிமிடத்துக்குள். விழித்திருக்கும் நாய்க்கு, மயக்கம் தராத மெக்னீசியம் சல்பேட்டை நேரடியாக ஏற்றுவது சில இடங்களில் நடக்கிறது. அது கொடுமை. ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும்போது கொடுத்தால் அவளுக்குத் தெரியாது, விழிப்பில் கொடுக்கவே கூடாது. அதற்குச் சம்மதிக்காதீர்கள், வேறு டாக்டரைப் பாருங்கள். டாக்டர் இல்லாமல் யாரோ ஒருவர் வந்து ஊசி போடுகிறேன் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இதயத்தில் ஸ்ட்ரிக்னைன் என்ற விஷ ஊசி போட்டுக் கொல்வதும், அதுபோன்ற கொடிய முறைகளும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

சிறுநீரக நோயில் நரம்பு கிடைப்பது சிரமம், உடம்பு வறண்டிருக்கும். கடைசியாக டிரிப்ஸ் போடும் நாளில் நரம்பில் செருகிய வென்ஃப்ளான் குழாயை எடுக்காமல் விட்டுவைக்கச் சொன்னால், அன்றைக்குத் தேடித் தேடிக் குத்த வேண்டியிருக்காது. கையெழுத்துப் போடும் படிவம், கட்டணம் எல்லாவற்றையும் முன்னாலேயே முடித்துவிடுங்கள். முடிந்த கையோடு பர்ஸைத் தேடிக்கொண்டு நிற்கும் நிலை யாருக்கும் வேண்டாம்.

சில விஷயங்கள் முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயப்பட மாட்டீர்கள். கண் மூடாது, திறந்தேதான் இருக்கும். இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பது போல வரலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் மலம் போகலாம். உயிர் இன்னும் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், உடம்பு தளர்வதுதான் அது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துச் சொல்லும்வரை தலையை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருங்கள். உங்களால் பார்க்க முடியாது என்றால் முதல் ஊசியில் அவள் தூங்கும்வரை மட்டும் இருங்கள். அதுவரை இருந்தால் போதும். அதற்குப் பிறகு நீங்கள் அறையில் இருப்பதும் இல்லாததும் அவளுக்குத் தெரியப்போவதில்லை.

மகளிடம் இன்றைக்கே பேசுங்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்று பாதி தெரிந்திருக்கும், மீதியைத் தானாகக் கற்பனை செய்து பயந்துகொண்டிருக்கும். "தூங்க வைக்கப் போகிறோம்" என்று சொல்லாதீர்கள். அப்புறம் தனக்கு மயக்க மருந்து என்றாலோ, பாட்டி மதியம் தூங்கினாலோ அந்தப் பிள்ளை நடுங்கும். "பண்ணை வீட்டுக்கு அனுப்பிட்டோம்" என்பதும் வேண்டாம், அவள் தேடிக்கொண்டே இருப்பாள். "ஜூலிக்கு உடம்பு சரியாகாது. ரொம்ப வலிக்குது. டாக்டர் வலி தெரியாமல் ஊசி போடுவார், அதில் அவள் செத்துப்போவாள்" என்று அந்தச் சொல்லையே சொல்லுங்கள். அழட்டும். பக்கத்தில் இருக்க வேண்டுமா வேண்டாமா என்று அவளே சொல்லட்டும், கடைசி நிமிடத்தில் மாற்றிக்கொண்டாலும் விட்டுவிடுங்கள். அவளோடு இருக்க மட்டும் ஒரு பெரியவர் வேண்டும், நீங்கள் ஜூலியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அடக்கம் எங்கே என்பதையும் இப்போதே பேசி வைத்துவிடுங்கள். சொந்த நிலம் இருந்தால் நல்லது. நான்கடிக்குக் குறையாமல், கிணறு, வாய்க்கால் பக்கம் இல்லாமல் தோண்டுங்கள். ஆழம் ஏன் முக்கியம் என்றால், அந்த மயக்க மருந்து உடலிலேயே தங்கியிருக்கும். தெருநாயோ காக்கையோ தோண்டித் தின்றால் அவையும் சாகும். பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். நிலம் இல்லை என்றால் மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவில் முன்னாலேயே கேட்டு வையுங்கள். காவிரியில் விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏழு மாதம் டிரிப்ஸ், பரிசோதனை, தனி உணவு என்றால் செலவு எவ்வளவு ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கு மனதில் ஓடியிருந்தால், அதற்காக உங்களை நீங்களே கேவலமாக நினைக்காதீர்கள். மகனுக்கு விடுதிக் கட்டணம் கட்டும் வீட்டில் அந்தக் கணக்கு ஓடாமல் இருக்காது. அதேபோல, எல்லாம் முடிந்த மறுநாள் ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்து, "அப்பாடா" என்று ஒரு கணம் தோன்றும். தோன்றியதே என்று அழவும் செய்வீர்கள். ஏழு மாதம் கண்விழித்தவருக்கு இரண்டும் வரத்தான் செய்யும்.

நாளைக்கு டாக்டரைப் பார்க்கும்போது "உங்க வீட்டு நாயா இருந்தா என்ன செய்வீங்க, எப்போ செய்வீங்க?" என்று கேட்டுவிடுங்கள். மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள், பதிலை அவரும் நேரில் கேட்கட்டும். மகன் வருவதாக இருந்தால் ஞாயிறு மாலைக்கு நேரம் வாங்குங்கள். அதுவரை குமட்டலுக்கும் வலிக்கும் ஊசி போட்டு அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஊசிக்குப் பிறகு கொஞ்சம் தெளிந்து எழுந்து உட்காருவாள், தயிர்சாதம் கூட இரண்டு வாய் வாங்கலாம். அதைப் பார்த்து நாளைத் தள்ளிப்போட மனம் இழுக்கும். அவள் தேறவில்லை, மருந்து வேலை செய்கிறது. ஞாயிற்றுக்கிழமையை மாற்றாதீர்கள்.